வெள்ளைத் தரையில் வெள்ளைத் தூசி

அன்று மாலை ஆறு மணி ஷோவுக்கு, அரியலூர் பொருட்காட்சியில், ஐஸ் தரையைச் சுற்றி வேலையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். மேனேஜர் பாஸ்கர், வாசல் கம்பி ஓரத்தில். பலகை மாட்டுகிற பிட்டர் சாகுல் பாய், சுவிட்ச் போர்டு பக்கத்தில். மைக்கில் பேசுகிற ஆள், மேடையில். வாட்ச்மேன், கேட்டில். ஆரோக்கியமேரி, தரையில். மேரி வழக்கமாக உட்காரும் டிக்கெட் கவுண்டரில் நான். முதலாளி திருச்சியில் இருந்தார். சறுக்கச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் வேலையை விட்டுப் போய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேடிக்கை பார்க்க நின்றவர்கள் எழுபது எண்பது பேர் இருக்கும்.

இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் உண்டு. பின்னால் விசாரித்தபோது "நான் அந்தப் பக்கமே இல்லீங்க" என்று இரண்டு பேர் சொன்னார்கள். இருந்தார்கள். நானும் இருந்தேன். மேரியின் இடது கணுக்கால் போனதை நாங்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

பொருட்காட்சி வேலைக்கு இனி வரப்போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. ஷூ கவுண்டர்

வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊர். மக்காச்சோள வேலை இல்லாத மாதங்களில் பெரம்பலூர் டவுனுக்கு பஸ் ஏறி, கிடைத்த வேலைக்குப் போவேன். அந்த வருஷம் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், அப்பளக் கடை, பேய் வீடு எல்லாம் எப்போதும் வருவதுதான். புதிதாக வந்தது ஐஸ் தரை.

ஐஸ் என்றால் நிஜ ஐஸ் இல்லை. கெட்டியான வெள்ளை பிளாஸ்டிக் பலகைகள். நாலடிக்கு நாலடி. ஒன்றின் பல் மற்றொன்றின் குழியில் உட்காரும்படி கோத்துக்கொண்டே போனால் அறுபதடி நீளம், நாற்பதடி அகலத்துக்குத் தரை வந்துவிடும். எங்கேயோ ஒரு பெரிய ஊரில், மூடிப்போன மால் ஒன்றிலிருந்து முதலாளி பழசாக வாங்கி வந்திருந்தார். அதோடு பிளேடு வைத்த ஷூ அறுபது ஜோடி.

எனக்கு ஷூ கவுண்டர். ஆள் வந்தால் காலைப் பார்த்து சைஸ் சொல்ல வேண்டும். செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஷூவைக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் பிளேடைத் துணியால் துடைத்து அடுக்க வேண்டும். நாள் சம்பளம் நானூற்று ஐம்பது.

எனக்குப் பிறவியிலேயே பயம் அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேனேஜரிடம் நான் சொன்னவை எனக்கே ஞாபகம் இருக்கின்றன. கைப்பிடிக் கம்பியில் ஒரு நட்டு ஆடுகிறது. ஒயர் தரையோடு கிடக்கிறது, மழை வந்தால் என்ன ஆகும். சின்னப் பிள்ளைகள் விழுந்து கையை ஊன்றினால் பின்னால் வருகிறவன் பிளேடு விரலில் ஏறிவிடும். ஷூவுக்குள் ஈரம், சேற்றுப்புண் வரும்.

மேனேஜர் பாஸ்கருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். டீ சொன்னால் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வார். ஆனால் அவருக்கு வாய் அதிகம்.

"கம்ப்ளைன்ட் பெட்டி வந்துருச்சு. இன்னிக்கு என்னம்மா? ராட்டினம் கழண்டு ஓடுதா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு ஷூ துடைக்கப் போய்விடுவேன். அந்தப் பெயர் நின்றுவிட்டது. கம்ப்ளைன்ட் பெட்டி.

டிக்கெட் கவுண்டரில் இருந்தவள் மேரி. ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண். என்னைவிட ஐந்து வயது சின்னவள். கோயில் திருவிழாவில் வளையல் கடை போட்டுப் பழகியவள். யாரிடமும் கூசாமல் பேசுவாள். ஒரு கல்லூரிப் பையன், "அக்கா, விழுந்தா காசு வாபஸ் உண்டா?" என்று கேட்டான். "விழுவுறதுக்குத்தான் தம்பி காசு. நிக்கிறதுக்கு வெளில சும்மாவே நிக்கலாம்" என்றாள். என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆள் அவள் ஒருத்திதான்.

2. போஸ்டரில் இருந்த பெண்

முதலாளி ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டியிருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஒரு காலில் தரையோடு தரையாகக் குந்தி, மற்ற காலை முன்னால் நீட்டி, கையை விரித்துக்கொண்டு போகிறாள். டிக்கெட் வாங்கும் ஜனம் "இது எத்தனை மணிக்கு?" என்று அந்தப் படத்தைத்தான் காட்டிக் கேட்டது.

அதைச் செய்யத் தெரிந்தவர் மாஸ்டர் ஒருவர்தான். இருபத்து மூன்று வயதுப் பையன், மாலில் வேலை பார்த்தவன். அவன் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னான். வாத்து சம்பந்தப்பட்ட பெயர் என்றும் சொன்னான். அன்று முதல் எங்களுக்கு அது வாத்து. "வாத்து போட்டாச்சா?" "ஆறு மணி வாத்துக்குக் கூட்டம் எப்புடி?" இப்படித்தான் பேச்சு.

பத்து நாளில் மாஸ்டருக்கு வேறு ஊரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மாஸ்டர் இன்னும் எட்டு நாள்தான் இருப்பாரு. அதுக்குள்ள யாராச்சும் வாத்து கத்துக்கணும். லேடீஸ்னா கூட்டம் வரும்னு முதலாளி சொல்றாரு. ஒரு ஷோவுக்கு முந்நூறு. டெய்லி ரெண்டு ஷோ."

சம்பளம் போக அறுநூறு. என் மகள் அப்போது பிளஸ் டூ. யாரும் கேட்கும் முன்னே நான் கையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய கையைப் பார்த்து நானே பயந்தேன்.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? நட்டு ஆடுதுன்னு கம்பியவே தொட மாட்ட. நீ வாத்து போடப்போறியா?"

"போடுறேன் சார்."

"மேரியும் வரட்டும். ஒண்ணு உடம்பு சரியில்லன்னா இன்னொண்ணு."

"நான் ரெடி சார். அக்கா விழுந்தா மேல விழுந்து காப்பாத்துறேன்" என்றாள் மேரி.

3. குந்தத் தெரிந்தவர்கள்

காலை ஏழு மணிக்கு வெயில் ஏறுவதற்குள் பயிற்சி. சேலை வேண்டாம் என்று சுடிதாருக்கு மாறினேன். நாலு நாளில் நேராகச் சறுக்க வந்துவிட்டது. பிளாஸ்டிக் தரையில் நிஜ ஐஸ் போல ஓட்டம் இருக்காது, மாஸ்டரே சொல்வான். சிலிகான் ஸ்பிரே அடித்துத் துணியால் தேய்த்தால்தான் பிளேடு வழுக்கும். அந்த வேலை சாகுல் பாயுடையது. அவர் அடித்துத் தேய்த்த காலை, தரை கண்ணாடி மாதிரி போகும்.

வாத்துக்கு வரிசை இதுதான். நாலு எட்டு எட்டி வேகம் சேர்க்க வேண்டும். இரண்டு காலும் சேர்த்து நேராக விட வேண்டும். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டே குந்த வேண்டும். முழுக்கக் குந்திய பிறகு ஒரு காலை முன்னால் நகர்த்தித் தூக்க வேண்டும். உடம்பின் பாரம் முழுக்கத் தரையில் இருக்கிற காலின் நடுவில், கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும். கண் தரையைப் பார்க்கக் கூடாது. எழுந்திருப்பதுதான் கஷ்டம். நீட்டிய காலை உள்ளே இழுத்து, இரண்டு காலில் பாரத்தைப் பங்கிட்டு, கையை முன்னால் விட்டு எழ வேண்டும். முடியவில்லை என்றால் பக்கவாட்டில், தொடைமேல் சரிந்துவிட வேண்டும். பின்னால் விழவே கூடாது.

நாங்கள் பின்னால்தான் விழுந்தோம். மேரி, நான், ஆசைக்கு ஒருநாள் ஷூ மாட்டிப் பார்த்த சாகுல் பாய், மூன்று பேருமே. மாஸ்டருக்கு ஆச்சரியம்.

"மாலுக்கு வர்ற சிட்டி ஆளுங்களுக்குக் குந்தவே வராது. நீங்கல்லாம் சூப்பரா குந்துறீங்க. அப்புறம் எப்படி விழுறீங்க?"

அதுதான் விஷயம். களை எடுக்க, வெங்காயம் அறுக்க, பாத்திரம் தேய்க்க என்று நாங்கள் பிறந்ததிலிருந்து குந்துகிறவர்கள். குந்தினால் குதிகால் தரையில் அழுந்தும், முழங்கால் முன்னால் வரும், கணுக்கால் மடங்கும், பாரம் குதிகாலில் உட்காரும். அந்த ஷூ கணுக்காலை மடங்க விடாது. மரக்கட்டைக்குள் காலை வைத்துக் கட்டியது போல இருக்கும். உடம்பு பழகிய மாதிரி குதிகாலில் பாரத்தைப் போடும், கணுக்கால் மடங்காததால் இடுப்பு பின்னால் போகும், அப்படியே மல்லாக்க. குந்தத் தெரியாதவன் பயந்து முன்னால் சாய்வான், அவனுக்கு வாத்து சீக்கிரம் வரும். எங்களுக்குத் தெரிந்த குந்தலே எங்களைக் கவிழ்த்தது.

ஆறாம் நாள் காலை, முதுகுத்தண்டில் அடி மேல் அடி வாங்கிய பிறகு, ஷூவைக் கட்டும்போது மேலே உள்ள இரண்டு கொக்கியில் லேசை மாட்டாமல் விட்டேன். கணுக்கால் மடங்கியது. குந்தினேன். வலது காலை நீட்டினேன். இருபதடி போனேன். எழுந்தேன். நாற்பது வயதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை. மேரி கம்பியைத் தட்டித் தட்டி விசில் அடித்தாள்.

மாஸ்டர் ஓடி வந்து என் ஷூவைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"மேல ரெண்டு கொக்கி ஏன் மாட்டல? அக்கா, இது தப்பு. பிளேடு எங்கயாவது தட்டுச்சுன்னா கணுக்காலப் பிடிக்க ஒண்ணும் இல்ல. திருகிட்டுப் போயிடும்."

"தட்டாது தம்பி. தரைதான் வழவழன்னு இருக்கே."

"இருக்கிற வரைக்கும்" என்றான். இரண்டு நாளில் போய்விட்டான்.

வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் பயந்த நான் இந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை. அது எனக்கு வந்துவிட்டது என்கிற மிதப்பு. மேரி கேட்டாள், "ஏக்கா, நான் மட்டும் ஏன் மல்லாந்துகிட்டே கெடக்குறேன்?" நான்தான் குனிந்து அவள் ஷூவின் மேல் கொக்கிகளைக் கழற்றிவிட்டேன். என் கையால்.

பெரம்பலூரில் பத்தொன்பது நாள் வாத்து போட்டேன். ஒருநாள்கூட விழவில்லை. எங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு, "வூட்டுல சோறாக்குற பொம்பளையா இது?" என்றார்கள். சிலர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள். சிலர் அப்படிச் சொல்லவில்லை.

4. தேங்காய் எண்ணெய்

அங்கிருந்து அரியலூர். மைதானம் ரோட்டை ஒட்டி. ரோட்டில் சுண்ணாம்புக் கல் ஏற்றின லாரி காலை முதல் மாலை வரை போகும். தார்ப்பாய் போட்டவையும் போகும், போடாதவையும் போகும்.

பெரம்பலூரிலேயே சிலிகான் ஸ்பிரே தீர்ந்துவிட்டிருந்தது. புதிதாக வாங்க ஆள் அனுப்ப வேண்டும், விலையும் அதிகம். மேனேஜர் ஐந்து லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து சாகுல் பாயிடம் கொடுத்தார்.

"பாய், இதத் தேச்சு விடுங்க. வழுக்கணும், அவ்வளவுதான?"

சாகுல் பாய் முதலில் யோசித்தார். "தலைக்குத் தேய்க்கிறத தரைக்கா சார்?" என்றார். பிறகு தேய்த்தார்.

முதல் நாள் அருமையாக ஓடியது. பெரம்பலூரைவிட நன்றாக ஓடியது. நானே மேனேஜரிடம் போய், "சார், சூப்பரா போவுது" என்று சொன்னேன். இதையும் எழுத வேண்டும் இல்லையா? நானும்தான் சொன்னேன்.

இரண்டாம் நாள் மாலை ஷூ துடைக்கும்போது, துணியில் பசை மாதிரி ஏதோ ஒட்டியது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்று இருந்தது. முதலில் புரியவில்லை. தரையில் போய்க் குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைத் தரை, வெள்ளைத் தூசி. உள்ளங்கையை வைத்து இழுத்தேன். கை நிறைய மாவு மாதிரி வந்தது. லாரியிலிருந்து பறந்து வந்த சுண்ணாம்புத் தூசி எண்ணெயில் ஒட்டி, பிளேடு அதை மிதித்து மிதித்து, பலகை சேரும் இடங்களில் எல்லாம் மெழுகாகப் படிந்திருந்தது. பெரம்பலூரில் செம்மண் தூசி விழும், கண்ணுக்குத் தெரியும், சாகுல் பாய் கூட்டிவிடுவார். இது தெரியவே இல்லை.

மூன்றாம் நாள் காலை மேனேஜரிடம் துணியைக் காட்டினேன்.

"சார், தரை பூரா இது இருக்கு. சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவணும். பிளேடு பிடிக்குது சார்."

அவர் துணியை வாங்கிப் பார்க்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து ஷூ நாறுதுன்ன. முந்தாநேத்து கரண்ட் ஒயருன்ன. அதுக்கு முந்துன நாள் வாசல் கேட்டு சாயுதுன்ன. இன்னிக்குத் தூசியா? வேற எதுவும் மிச்சம் இருக்காம்மா?"

"இது நெஜமா சார்."

"அப்ப மத்ததெல்லாம் பொய்யா?"

பக்கத்தில் இருந்த மைக் ஆள் வாய்விட்டுச் சிரித்தான். மேனேஜர் கொஞ்சம் இறங்கி வந்து, "தண்ணி டேங்கர் சொல்லணும், பலகையெல்லாம் கழட்டணும், ஒரு நாள் ஷோ போவும். ஞாயித்துக்கிழமை முடியட்டும், கழுவலாம். பாய கூட்டிவிடச் சொல்றேன்" என்றார்.

பாய் கூட்டினார். எண்ணெயில் ஒட்டியது துடைப்பத்துக்கு வருமா? அன்று மாலை ஷோவில் குந்தி வரும்போது, ஒரு பலகைச் சந்தில் என் பிளேடு அரை நொடி நின்று மறுபடி போனது. வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

5. வயிற்று வலி

நாலாம் நாள் சனிக்கிழமை. நாலு மணிக்கே கூட்டம் வந்துவிட்டது. இன்று நான் தரையில் இறங்கப் போவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் தூசி என்று மறுபடி சொன்னால் சிரிப்பார்கள். பயம் என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள், முந்நூறு ரூபாய் வேலையும் போய்விடும். அதனால் மேனேஜரிடம் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், வயித்து வலி. இன்னிக்கு முடியாது சார்."

பெண்கள் வயிற்று வலி என்றால் ஆண்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அது தெரிந்துதான் சொன்னேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு, "மேரியப் போகச் சொல்லு" என்றார்.

நானே போய்ச் சொன்னேன். மேரிக்கு முகமெல்லாம் பல். பெரம்பலூரில் கற்றதோடு சரி, கூட்டத்துக்கு முன்னால் அவள் ஒருமுறைகூட வாத்து போட்டதில்லை.

"நெஜமாவாக்கா? நீ போயி டிக்கெட்டுல உக்காரு. வெந்நி வச்சு ஒத்தடம் குடு. நான் பாத்துக்கறேன்."

ஷூ கவுண்டர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். மேல் இரண்டு கொக்கியையும் விட்டுத்தான் கட்டினாள், நான் காட்டிக்கொடுத்தது போலவே. கட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏதாச்சும் பாத்துக்கணுமாக்கா?"

இந்தக் கேள்வியை அவள் கேட்டாள். எத்தனையோ நாள் இதை வேறு மாதிரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை என்று. கூட்டச் சத்தத்தில் எனக்கு விழவில்லை என்று. அப்படி இல்லை. கேட்டாள். தெளிவாகக் கேட்டாள்.

தூசி என்று சொன்னால், அப்போ வயிற்று வலி? என்று கேட்பாள். அவளிடமும் ஒரு பெயர் வாங்க வேண்டியிருக்கும்.

"ஒண்ணுமில்ல. ரொம்ப வேகமா மட்டும் போவாத" என்றேன்.

அவள் போனாள். நான் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து சில்லறையை எண்ணுவது போல் குனிந்துகொண்டேன். பாட்டுப் போட்டார்கள். மைக்கில் ஏலாக்குறிச்சி மேரி என்று ஊர்ப் பெயரோடு சொன்னான்; கூட்டம் கை தட்டியது. இரண்டு சுற்று நன்றாக வந்தாள். மூன்றாவது சுற்றில் வேகம் சேர்த்து, நேராக விட்டு, குந்தி, வலது காலை நீட்டினாள். என்னைவிட அழகாகக் குந்துவாள் அவள். கையை விரித்தபடி என் கவுண்டருக்கு நேராகத்தான் வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பிளேடு நின்றுவிட்டது. உடம்பு நிற்கவில்லை. இடது பாதம் இருந்த இடத்திலேயே இருக்க, அவள் அதைத் தாண்டி முன்னால் புரண்டாள். விறகு முறிக்கிற சத்தம் பாட்டுக்கு மேலே கேட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் அதுவும் வித்தை என்று நினைத்து இன்னொரு தடவை கை தட்டினார்கள்.

6. ஷூ

முதலில் ஓடியது சாகுல் பாய். "யா அல்லா, யாரும் காலத் தொடாதீங்க" என்று கத்தினார். லோடு ஆட்டோ ஒன்றில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேரி என் கையைப் பிடித்திருந்தாள். வலிக்கு நடுவிலும், "உனக்கு வயிறு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள். இதற்கு மேல் அந்த ஆட்டோவைப் பற்றி எழுத என்னால் முடியாது.

கால் வீங்கி ஷூ கழலவில்லை. நர்சம்மா கத்தரியால் ஷூவை நீளவாக்கில் வெட்டித்தான் எடுத்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. எலும்பில் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஷோ நிறுத்தி, டேங்கர் வரவழைத்து, பலகையைக் கழற்றிக் கழுவினார்கள். பலகைச் சந்தில் இருந்த மாவை சாகுல் பாய் இரண்டு வாளியில் அள்ளினாராம்.

மேரியின் வீட்டுக்காரர் மேனேஜரிடம் போய் நியாயம் கேட்டார். மேனேஜர் சொன்ன பதில்: "ஷூ லேச மேல வரைக்கும் கட்டணும்னு ரூல் இருக்குங்க. உங்க சம்சாரம்தான் லூசா கட்டியிருக்காங்க. எல்லாரும் பாத்துருக்காங்க. கம்பெனி என்ன பண்ண முடியும்?" அது பொய் இல்லை. அந்தக் கொக்கியைக் கழற்றக் கற்றுக்கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தூசியைப் பற்றி முந்தின நாளே சொன்னேன் என்பதை மட்டும் எல்லோரிடமும் சொன்னேன். அதை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். "நான் அப்பவே சொன்னேன்." சொன்னது மேனேஜரிடம். சறுக்கப் போனது மேரி.

அந்த வாரமே வேலையை விட்டேன். இப்போது பாடாலூரில் ரோட்டோர ஹோட்டல் ஒன்றில் காய் நறுக்குகிறேன்.

7. ஏலாக்குறிச்சியில்

மூன்று மாதம் கழித்துத்தான் மேரியைப் பார்க்கப் போனேன். நடக்கிறாள், கொஞ்சம் சாய்த்து. ஆனால் குந்த முடியாது. அடுப்பை மேடை கட்டி மேலே ஏற்றியிருந்தார்கள். களை எடுக்கப் போக முடியாது. கோயிலில் முழங்கால் போட முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தே ஜெபம் சொல்கிறேன் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கைப்பிடி எடுத்து உரித்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். தூசியை முன்னாலேயே கையால் தொட்டுப் பார்த்ததை. வயிற்று வலி பொய் என்பதை.

அவள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"நீ பயப்படுறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானும் பயந்திருப்பேன்லக்கா" என்றாள்.

"சிரிப்பியோன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டு மேல் கொக்கிய மாட்டிருப்பேன்."

என்னிடம் பாடம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்தால் எதையும் கேட்க மாட்டார்கள். அது அவர்கள் தப்பு. ஆனால் ஒரு வேலைக்கு நீ போக மாட்டேன் என்று ஒதுங்கினால், உன் இடத்தில் யார் இறங்குகிறார்களோ அவர்களிடம் நிஜமான காரணத்தைச் சொல். மேலே இருப்பவரிடம் சொன்னதைக் கணக்கில் சேர்க்காதே. சிரித்தால் சிரிக்கட்டும்.

கிளம்பும்போது மேரியின் வீட்டுக்காரர் ஒரு சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். பாக்கிச் சம்பளம் கேட்டுப் போனதற்கு ஆபீசில் எழுதிக் கொடுத்தார்களாம். அரியலூரில் மேரி வேலை பார்த்த நாலு நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு. ஷோ முடியாததால் முந்நூறு கிடையாது. ஆஸ்பத்திரியில் வெட்டிய ஷூ ஒரு ஜோடி, வெளிநாட்டுச் சரக்கு, விலை நாலாயிரத்து இருநூறு. சம்பளத்தைக் கழித்தது போக மீதி, மேரி கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அடியில் பாஸ்கர் கையெழுத்து.

நான் பர்ஸை எடுத்தேன். மேரி தடுத்துவிட்டாள். "நீ கட்டிட்டா அது நான் கட்டவேண்டிய காசுன்னு ஆயிடும்க்கா. வேணாம். அப்படியே கெடக்கட்டும்."

அப்படியேதான் கிடக்கிறது. அந்தப் பொருட்காட்சி இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ தெரியாது. போன மாதம் வரைக்கும் ஆபீசிலிருந்து போன் வந்ததாம். அவர்கள் நோட்டில் ஆரோக்கியமேரி பெயருக்கு நேரே இன்னும் பாக்கி நிற்பது இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.